நாலு பேருக்கு ஒரு பாட்டில்

மேற்கு மாம்பலத்தில் நான் வேலை பார்க்கும் கண் பரிசோதனை மையம் ஒரு மாவு மில்லுக்கு மாடியில் இருக்கிறது. நோயாளியை ஆறு மீட்டர் தள்ளி உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. எங்கள் அறையின் நீளம் அதில் பாதிதான். அதனால் பலகையை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்திருக்கிறோம். அதில் தெரிகிற எழுத்தைப் படிக்க வேண்டும். ஆனால் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் தலைமுடியைத்தான் சரிசெய்கிறார்கள். முடி இல்லாதவர்கள் மீசையை. எனக்குப் பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். மீசையில் ஒட்டியிருக்கிற சட்னி தெரியாதவருக்குப் பலகையின் கடைசி வரி தெரியப்போவதில்லை.

கீழே மில் ஓடும்போது கண்ணாடி லேசாக நடுங்கும். எழுத்தும் நடுங்கும். மிளகாய் அரைக்கிற நாளில் வருகிறவர்கள் எல்லாருக்கும் கண்ணில் நீர் வடிகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கும், என்னையும் சேர்த்து.

நான் டாக்டர் இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் தெருவில் எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் இப்போது மறுப்பதை விட்டுவிட்டேன். பார்வையைச் சோதிப்பேன், கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். டாக்டர் அங்கிருந்து திரையில் வந்து பேசுவார். பேசுவார் என்றால், பெரும்பாலும் அவர் வாய் மட்டும் அசையும். குரல் பின்னால் வரும், சில நாள் வரவே வராது. கண்ணின் அழுத்தத்தை அளக்கிற கருவி மூன்று மையங்களுக்கு ஒன்றுதான். செவ்வாயும் வெள்ளியும் எங்களுடையது. மற்ற நாளில் கண்ணில் அழுத்தம் ஏறுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணில் பிரஷர் என்று சொன்னால் நம் ஜனங்கள் உப்பைக் குறைத்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு அந்த வேறு ஒன்று ஏறிவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டில் சொல்வார்கள். வீட்டில் சொல்வதை நம்பக்கூடாது, ஆனால் இந்த விஷயத்தில் நம்பலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாய் வந்தார். தி. நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தின் நடைபாதையில் தையல் மெஷின் போட்டிருப்பவர். கடையில் வாங்கிய பேன்ட்டைக் கையோடு கொண்டுபோனால் கால் நீளத்தைக் குறைத்துப் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார். வீடு திருவல்லிக்கேணி. அறுபதை நெருங்குகிற வயது. ஊசிக் காது தெரியவில்லை, கண்ணாடியை மாற்றிக் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தவர் தலைமுடியைத் தொடவில்லை. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் ரவிக்கையின் இடது கை இழுத்துக்கொண்டு நிற்கிறது, தைத்தவன் அக்குளில் அரை இஞ்ச் விடாமல் ஏமாற்றியிருக்கிறான் என்றார். உண்மைதான், ஒரு வருஷமாகக் கையைத் தூக்க முடியாமல் சிரமப்பட்டுக்கொண்டிருந்தேன். பலகையின் கடைசி வரியையும் தடங்கலில்லாமல் படித்தார். இவ்வளவு நல்ல பார்வைக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அவர் எழுந்து, வலது பக்கம் இருந்த முக்காலியில் மோதி அதைக் கவிழ்த்தார். அது அங்கே இல்லவே இல்லை என்றார். முக்காலி பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

கருவியை எடுத்து அளந்தேன். இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம். படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்தது. டாக்டரின் முகம் திரையில் உறைந்து நின்றது, குரல் மட்டும் தெளிவாக வந்தது: உடனே நேரில் வரச் சொல்லுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி அடையாறு பக்கம். கண்ணை விரிய வைக்க மருந்து விடுவார்கள், நாலு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், அதனால் கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். பாயின் மனைவிக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. மகள்கள் இருவரும் வெளியூரில். பக்கத்தில் கடை போட்டிருப்பவர்களில் யாரையாவது கூட்டிப் போங்கள் என்றேன். அது மட்டும் வேண்டாம் என்றார். கடைசியில் என் வார விடுமுறையில், முணுமுணுத்துக்கொண்டே நான்தான் போனேன். விண்ணப்பத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. முக்காலிக்குச் சொந்தக்காரி என்று எழுத முடியாதே. தங்கை என்று எழுதினேன்.

டாக்டர் என்னிடம் சொன்னதை நான் பாயிடம் சொன்னேன். வலது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், பொத்தான் ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோல. இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். போனது திரும்பாது. தினம் காலையும் மாலையும் ஒரு சொட்டு, ஆயுசுக்கும். நிறுத்தாமல் போட்டுவந்தால் இடது கண் இப்படியே நிற்கும், தைத்துக்கொண்டே இருக்கலாம். விட்டுவிட்டால் சில வருஷத்தில் இரண்டும் போகும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. இந்த நோய்க்காகவே அதைச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். வலிக்காது, சிவக்காது. தெரிகிறபோது காலம் கடந்திருக்கும்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆட்டோவில் திரும்பும்போது மயிலாப்பூர் வந்ததும் சொன்னார்:

"இது நம்மளோட இருக்கட்டும்மா. கண்ணு தெரியாத டெய்லர் கைல எவன் பேன்ட்ட குடுப்பான்?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒரு மாதத்துக்கு ஒரு பாட்டில் என்று எங்கள் மையத்திலேயே இலவசமாகக் கொடுப்போம். பாய் பத்தாம் நாள் வந்து நின்றார். தீர்ந்துவிட்டது. காலி பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார், என் முன்னால் அதை ஒரு தடவை அழுத்தியும் காட்டினார். சொட்டைக் கண்ணுக்கு வெளியே விடுகிறார் போல என்று நினைத்தேன். நிறையப் பேர் அப்படித்தான், கன்னத்துக்கும் காதுக்கும்தான் வைத்தியம் நடக்கும். என் முன்னால் ஒரு தடவை போடச் சொன்னேன். கீழ் இமையை இழுத்தார், ஒரே சொட்டு, நேராக உள்ளே. கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் செய்தார். நாற்பது வருஷமாக ஊசி பிடித்த கை, குறி தவறுமா?

இரண்டாவது பாட்டிலும் பத்து நாள்தான் வந்தது. நடுவில் மருந்து இல்லாத நாட்கள் வேறு. அழுத்தம் இறங்கவே இல்லை. மருந்துக் கணக்குப் பார்க்கிற அதிகாரி போனில் கூப்பிட்டு, உங்கள் நோயாளி அதைக் குடிக்கிறாரா என்று கேட்டார். எனக்கும் வேறொரு சந்தேகம் வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், மருந்தை வெளியே யாருக்காவது விற்கிறாரோ என்று நினைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மையத்தைத் திறப்பதற்கு முன்னால், மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி அவருடைய சந்துக்கே போனேன்.

கடைகள் அப்போதுதான் ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தன. பாயின் மெஷினுக்கு ஒரு பக்கம் பெல்ட்டும் கைக்குட்டையும் விற்கிறவர். இன்னொரு பக்கம் ஹேர்பின், ஊக்கு விற்கிற ஒரு அம்மா. முன்னால், வலது ஓரமாக, மாங்காய்ப் பத்தை விற்கிறவரின் வண்டி. இந்த மூன்று பேரும் பாயும் வரிசையாக நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் குடித்த கோழிகளைப் போல. பாயின் கையில் பாட்டில். தனக்குப் போட்டு முடித்து, மற்றவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு சொட்டு விட்டுவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

என் குரலைக் கேட்டதும் நாலு பேரும் தலையை நேராக்கினார்கள். மூடிய கண்ணோடு அவர்கள் எனக்கு வணக்கம் வைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கண்ணுக்குக் குளிர்ச்சி, ரோட்டுப் புகைக்கு நல்லது, அதனால் எல்லாருக்கும் கொடுக்கிறேன் என்றார் பாய். முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். இது என்ன கோயில் தீர்த்தமா, பள்ளிவாசல் கஞ்சியா, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்க என்றேன். பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஒரு பேன்ட் பாக்கி இருக்கிறது என்றார், ஜும்மாவுக்கு முன்னால் ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்றார், கடைசியில் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பியே போய்விட்டார். நான் கத்தினால் மனிதர்களுக்கு டீ ஞாபகம் வந்துவிடுகிறது.

மிச்சமிருந்த மூன்று பேர் மேல் பாய்ந்தேன். ஊக்கு விற்கிற அம்மா இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் திட்டை நிறுத்திவிட்டு அருகில் போனேன். மூச்சு வாங்குமா என்று கேட்டேன். சின்ன வயசிலிருந்தே இழுப்பு உண்டு, இந்த ஒரு மாதமாகச் சாயங்காலம் நெஞ்சை அடைக்கிறது என்றார். இந்த மருந்து இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் பாயிடம் ஆரம்பத்திலேயே இழுப்பு உண்டா என்று கேட்டிருந்தோம். பக்கத்துக் கடைக்காரிக்கு உண்டா என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. உயிரோடு விளையாடுகிறாயா, ஒருத்தர் நீட்டினால் என்ன ஏது என்று கேட்காமல் கண்ணைக் காட்டிவிடுவதா என்று நான் கத்த, அந்த அம்மா பெல்ட்காரரைப் பார்த்தார்.

பெல்ட்காரர் சந்தின் முனையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"கோச்சுக்காதீங்க மேடம். பாய்க்குக் கண்ணு போய்க்கினு கீதுன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க போட்டுக்கினாதான் அவரும் போட்டுக்குவாரு."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். போன வருஷமே ஒரு பைக் வலது பக்கமாக வந்து இடித்தது, பாய் அதைப் பார்க்கவே இல்லை. அப்போதே சந்தேகம். அன்றிலிருந்து மாங்காய் வண்டி பாயின் வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ரோடு தாண்டும்போது பெல்ட்காரர் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவருக்கு வலது பக்கம் நடப்பார். மெஷினில் நூல் அறுந்தால், சும்மா உட்கார்ந்திருக்கிறேன் பாய், நான் கோத்துத் தருகிறேன் என்று ஊக்கு விற்கிற அம்மா எழுந்து வருவார். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அந்த மனிதர் அடுத்த நாள் மெஷினை எடுத்துக்கொண்டு வேறு எங்காவது போய்விடுவார் என்று பயம்.

மருந்து பாட்டிலோடு வந்த முதல் நாள், பாய் அதைக் குளிர்ச்சி மருந்து என்று சொல்லி எல்லாருக்கும் நீட்டியிருக்கிறார். தனக்கு மட்டும் போட்டுக்கொண்டால் வியாதி என்று தெரிந்துவிடும், நாலு பேர் போட்டுக்கொண்டால் அது வெறும் குளிர்ச்சிதானே. எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் மூன்று பேரும் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாய், அதுவும் சரிதான் என்று பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று அவரும் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாளும் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் இவர்களே போய், கண்ணெல்லாம் காந்துது பாய், அந்த மருந்தைக் கொஞ்சம் விடுங்கள் என்று தலையைச் சாய்த்திருக்கிறார்கள்.

நெஞ்சடைப்பை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று அந்த அம்மாவைக் கேட்டேன். சொன்னா நிறுத்திடுவாருக்கா என்றார்.

இத்தனை வருஷமாக மருந்தை ஒழுங்காகப் போடுங்கள் என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். படம் போட்ட தாளைக் கொடுத்திருக்கிறேன், பயமுறுத்தியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன். இவர்கள் தங்கள் கண்ணையே கொடுத்து ஒருவரைப் போட வைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. மாங்காய்க்காரர் நல்லவேளையாக மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். பழியை அதன் மேல் போட்டேன்.

பாய் ஐந்து டீயோடு வந்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் அவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். நாங்கள் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்று இந்த மூன்று பேரும் இப்போது வாங்கிக்கொண்ட வாக்கு இன்னொரு பக்கம். நடுவில் நான் டீயை ஆற்றிக் குடித்தேன். பிறகு அதிகாரத் தோரணையில் அறிவித்தேன்: பாயின் மருந்து பாய்க்கு மட்டும்தான் சேரும், ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு வாகு, மற்ற மூன்று பேரும் மையத்துக்கு வந்து பரிசோதித்துக்கொண்டு அவரவர் மருந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊக்கு விற்கிற அம்மா மட்டும் அன்றைக்கே நெஞ்சு டாக்டரைப் பார்க்க வேண்டும். என்னோடு அழைத்துப் போனேன், வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

மறு செவ்வாய் மூன்று பேரும் மாவு மில் மாடி ஏறினார்கள். கண்ணாடியைப் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டார்கள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நாளெல்லாம் புகையிலும் தூசியிலும் உட்கார்கிற கண்கள், மூன்று பேருக்கும் நிஜமாகவே வறண்டு போயிருந்தன. அதற்குக் கொடுக்கிற சாதாரண ஈர மருந்தைத் திரையில் டாக்டரே எழுதினார். ஒரே நடைபாதையில் மூன்று கண் வறட்சியா என்று மருந்துக் கணக்கு அதிகாரி கேட்டார். வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், நாலாவது பாட்டிலை உங்களுக்கு எடுத்து வைக்கிறேன் என்றேன்.

எல்லா பாட்டிலும் ஒரே வெள்ளை. மாறிவிடக்கூடாதே என்று பாய் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். தனக்கு நீலம். காலையில் ஷட்டர் தூக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை, நாலு தலை பின்னால் சாயும். நீல நூல் பாட்டில் முழு மாதம் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. வெள்ளிக்கிழமை கருவி வந்ததும் பாயின் அழுத்தத்தை அளந்தேன். இறங்கியிருந்தது. கருவியின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது, மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் இறங்கியே இருந்தது. சில மாதம் கழித்து அடையாறில், தங்கையாகவே போய், மறுபடி காட்டினோம். வலது கண் அப்படியேதான். இடது கண் மேலும் மோசமாகாமல் நின்றிருக்கிறது என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் பாயைச் சந்தில் கொண்டுவிடப் போனேன். நான் முன்பே கொடுத்திருந்த ரவிக்கையைப் பிரித்து, கைக்கு அரை இஞ்ச் விட்டுத் தைத்து வைத்திருந்தார். வாங்கிக்கொண்டு கிளம்பியவளைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டு, மற்ற மூன்று பேருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. வெகுளிங்க. நீங்க வாயத் தொறந்துடாதீங்க."

சொல்ல மாட்டேன் பாய் என்றேன். அவர் திருப்தியோடு மெஷினை மிதித்தார். நாலு தையல் போவதற்குள் நூல் அறுந்தது. ஊக்கு விற்கிற அம்மா எழுந்து வந்து, இன்றைக்கு வியாபாரமே இல்லை, பொழுது போகவில்லை என்று அலுத்துக்கொண்டே, ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவருடைய தட்டுக்கு முன்னால் ஆறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.